ஆறு பக்கக் கடிதத்தில் அரை வரி

கேள்வி: எனக்கு 29 வயது. வழக்கில் சிக்கும் சிறுவர்களை வைத்திருக்கும் கூர்நோக்கு இல்லம் ஒன்றில் போதை மீட்பு ஆலோசகராக இரண்டு வருடமாக ஒப்பந்தத்தில் வேலை பார்க்கிறேன். திருட்டு, அடிதடி வழக்குகளில் வரும் பையன்கள் நிறைய பேருக்குச் சொல்யூஷன் (பஞ்சர் ஒட்டும் பசை), கஞ்சா, வலி மாத்திரை என்று ஏதாவது பழக்கம் இருக்கிறது. 16 வயதுப் பையன் ஒருவனோடு மூன்று மாதம் உழைத்தேன். ‘இனிமே தொடமாட்டேன் அக்கா’ என்று சத்தியம் செய்துவிட்டு ஜாமீனில் போனவன், 19ஆம் நாளே சொல்யூஷன் போதையில் செல்போன் பறித்துத் திரும்ப வந்திருக்கிறான். என் முகத்தைப் பார்த்தே பொய் சொல்கிறான். வீட்டில் அப்பா குடிப்பார், தினமும் வாங்கி வருவது இவன்தான், அம்மா அழுததால் அதை அறிக்கையில் எழுதவில்லை, மற்றபடி நல்ல குடும்பம்தான். நான் தோற்றுவிட்டேனா? வேலையை விட்டுவிடலாமா? (கடிதத்தின் சுருக்கம்)

பதில்: முதலில் ஒன்று. கடிதத்தில் அந்தப் பையனின் பெயர், பள்ளி, தெரு எல்லாவற்றையும் எழுதியிருக்கிறீர்கள். வழக்கில் சிக்கிய சிறுவனை அடையாளம் காட்டும் எதையும் வெளியிடக் கூடாது என்று இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு சொல்வது எனக்கே தெரியும்போது உங்களுக்குத் தெரியாதா? அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

அடுத்து, உங்கள் தோல்வியைப் பற்றி எழுதிய ஐந்தே முக்கால் பக்கத்தை நான் ஒரு தடவைதான் படித்தேன். உங்களைப் போன்ற வேலையில் இருப்பவர்கள் வருடத்துக்குப் பத்துப் பேராவது இதையே எழுதுகிறார்கள். அந்த அரை வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். ‘தினமும் வாங்கி வருவது இவன்தான்.’ அதற்குப் பக்கத்திலேயே ‘மற்றபடி நல்ல குடும்பம்தான்’ என்று எழுத உங்களுக்கு எப்படிக் கை வந்தது?

சாயங்காலமானால் அப்பா கையில் பணத்தைத் திணிக்கிறார். 16 வயதுப் பையன் மதுக்கடை வரிசையில் போய் நிற்கிறான். நம் மாநிலத்தில் 21 வயது ஆகாதவருக்கு மது விற்கக் கூடாது, அது கடைக்காரருக்கும் தெரியும், ஆனாலும் அப்பாவுக்குத்தான் வாங்குகிறான் என்று கொடுத்துவிடுகிறார். குவாட்டரை இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்கு வருகிறான், மிச்சச் சில்லறை அவனுக்கு. அந்தச் சில்லறை எங்கே போகிறது என்று ஒரு நாளாவது கேட்டீர்களா? பஞ்சர் ஒட்டும் பசை டியூப் என்ன விலை என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளியான தேசிய ஆய்வில், பெரியவர்களைவிடச் சிறுவர்களிடம் அதிகமாகக் காணப்பட்ட ஒரே போதை வகை இந்த முகர்ந்து இழுக்கும் வகைதான். பெரியவர்களில் 0.58 சதவீதம், 10 முதல் 17 வயதுவரை உள்ளவர்களில் 1.17 சதவீதம். சில்லறைக் காசுக்குக் கிடைப்பதுதான் பிள்ளைகள் கைக்குப் போகிறது.

மூன்று மாதம் அவன் தொடாமல் இருந்தான் என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். பூட்டிய கதவுக்குள் பசையும் இல்லை, கடை வரிசையும் இல்லை, அதனால் தொடவில்லை. அதைப் போய் மீட்சி என்று எண்ணிக்கொண்டீர்கள். ஏக்கத்தைக் கிளப்புவது நேரம், இடம், வாசனை, கூட நிற்கும் ஆள் என்று இந்தப் படிப்பின் முதல் வருடத்திலேயே சொல்லித் தந்திருப்பார்கள். இவனுக்கோ அந்த நேரத்தையும் இடத்தையும் பெற்ற தகப்பனே குறித்துக் கொடுத்து அனுப்புகிறார். அப்படிப்பட்ட வீட்டுக்குப் போகிறவனிடம் சத்தியம் வாங்கி என்ன பயன்? சாயங்காலம் ஆறு மணிக்கு அவன் எங்கே இருப்பான், யாரோடு இருப்பான், அப்பா காசை நீட்டினால் வாயைத் திறந்து என்ன சொல்வான், அடி விழுந்தால் எந்த வீட்டுக்கு ஓடுவான் என்று உட்கார்ந்து பேசி அனுப்பியிருக்க வேண்டும்.

பொய் சொல்கிறான் என்று கோபப்படுகிறீர்கள். அவன் வீட்டு உண்மை உங்களுக்குத் தெரியும் என்பதும், அதை அவன் வழக்கை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்துக்கு நீங்கள் சொல்லவில்லை என்பதும் அவனுக்குத் தெரியும். அழுதால் அக்காவும் மறைத்துவிடுவார் என்று உங்களிடமிருந்தே கற்றுக்கொண்டு, இப்போது உங்களிடமே மறைக்கிறான். இதில் அவனை மட்டும் குறை சொல்ல என்ன இருக்கிறது?

அந்த அம்மாவின் கண்ணீரை நான் சந்தேகப்படவில்லை. புருஷனைக் காட்டிக்கொடுத்தவள் என்ற பேச்சு வரும், ராத்திரி அடி விழும், அவருக்குப் போக வேறு இடமும் இருக்காது. ஆனால் புருஷன் மானத்தைக் காப்பாற்ற மகனை வழக்குக்கும் போதைக்கும் கொடுக்கிற வீட்டை நல்ல குடும்பம் என்று நான் சொல்லவே மாட்டேன். பெற்றவனின் கடமை சோறு போடுவதோடு முடிந்துவிடுவதில்லை. பிள்ளையின் கையால் தனக்குச் சாராயம் வாங்கிக் குடிக்கிறவன் அப்பன் என்ற இடத்தை அன்றே காலி செய்துவிட்டான். காலியான இடத்தை மூடி மறைத்துப் பயனில்லை, யாராவது வந்து நின்றாக வேண்டும். அதற்குத்தான் உங்கள் அறிக்கை.

அதே இளைஞர் நீதிச் சட்டத்தின் 18ஆம் பிரிவைத் திரும்ப எடுத்துப் படியுங்கள். விசாரணை முடியும்போது, பெற்றோரையும் ஆலோசனைக்கு உட்படுத்தலாம். ஒரு குறிப்பிட்ட இடத்துக்குப் பையன் போகக் கூடாது என்று தடை போடலாம். போதை மீட்புச் சிகிச்சைக்கு அனுப்பலாம். அப்பா அம்மா சரியில்லை என்றால் பாட்டியோ மாமாவோ, தகுதியான ஒருவர் பொறுப்பில் விடலாம். இவ்வளவு வழி இருந்தும், குழுமத்தின் கையில் இருந்தது குறையே இல்லாத ஒரு குடும்பத்தைப் பற்றிய காகிதம். அவர்கள் எதை வைத்து உத்தரவு போடுவார்கள்? சிறுவரை மது சுமக்கப் பயன்படுத்தினால் 7 ஆண்டுவரை சிறை என்று 78ஆம் பிரிவும் இருக்கிறது. அந்த ஆளை உள்ளே தள்ளுங்கள் என்று நான் சொல்லவில்லை. தான் செய்வது குற்றம் என்று யாராவது அவர் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். அவருக்கும் சிகிச்சை வேண்டும். போதை மீட்பு உதவிக்கான 14446 என்ற இலவச எண்ணை அந்த அம்மாவுக்குக் கொடுத்தீர்களா?

வேலையை விடுவதைப் பற்றிப் பிறகு பேசலாம். இப்போது விட்டால் அந்த அறிக்கை அப்படியே கோப்பில் கிடக்கும், அடுத்து வருகிறவரும் அதை நம்பித்தான் ஆரம்பிப்பார். நன்னடத்தை அலுவலரைப் பார்த்து, விட்டதைச் சேர்த்துத் தனியாக ஒரு குறிப்பு எழுதிக் கொடுங்கள். அதற்கும் முன்னால் பையனை உட்கார வைத்து, நீங்கள் எழுதப் போவதை அவனுக்கு வாசித்துக் காட்டுங்கள். உங்களிடம் அவன் சொல்வதில் எது குழுமத்துக்குப் போகும், எது போகாது என்று முதல் நாளே அவனிடம் சொல்லியிருக்க வேண்டும், சரி, இப்போதாவது சொல்லுங்கள். கோபப்படுவான், ‘நீங்களுமா அக்கா’ என்பான், இரண்டு வாரம் பேசாமலும் இருப்பான். இருக்கட்டும். அப்புறம் அம்மாவை வரச் சொல்லி, அவர் பாதுகாப்புக்கு என்ன செய்யலாம் என்று பேசிவிட்டு, அவரிடமும் அதையே சொல்லுங்கள்.

இன்னொன்றையும் அவனிடம் கேளுங்கள். வாங்கி வரமாட்டேன் என்று அவன் ஒரு நாளாவது அப்பாவிடம் சொன்னானா? சொன்ன அன்று வீட்டில் என்ன நடந்தது? அவன் சொல்லும் பதிலையும் அந்தக் குறிப்பில் சேருங்கள்.