விண்டோஸில் உட்கார்ந்து கட்டற்ற மென்பொருள் எழுதலாமா?

லாஸ்பேட்டை கல்லூரி மாணவர்: அக்கா, என் லேப்டாப்பில் விண்டோஸ்தான் இருக்கு. அதில் எழுதினதை ஜிபிஎல் உரிமத்தில் வெளியிட்டால் செல்லுமா?

தாராளமா செல்லும் தம்பி. ஜிபிஎல்ங்கிறது நிரலை யாரும் பயன்படுத்தவும் மாத்தவும் பகிரவும் விடற கட்டற்ற மென்பொருள் உரிமம். அது நீ எழுதின நிரலுக்கு. எந்த மெஷினில் தட்டினேன்னு அது கேட்காது. கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கின ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983இல் குனூங்கிற கட்டற்ற இயங்குதளத் திட்டத்தை அறிவிச்சப்போ, ஆரம்பக் கருவிகளைத் தனியுரிம (கம்பெனிக்குச் சொந்தமான, மூடின) இயங்குதளமான யூனிக்ஸ் மேலதான் எழுதினாங்க. வேற வழி ஏது? இயங்குதளத்தோடு வர்ற அடிப்படை நூலகங்கள் (ஆயத்த நிரல் தொகுப்புகள்) தனியுரிமமா இருந்தாலும் பரவாயில்லன்னு ஜிபிஎல்லிலேயே விலக்கு இருக்கு.

கடலூர் முதுநகர்: மீன் ஏலக் கணக்குக்கு ஒரு செயலி எழுதினேன். எனக்கு நல்லா ஓடுது. லினக்ஸ் வெச்சிருக்கிற நண்பனுக்கு வஞ்சிரம் படம் மட்டும் வரலை. ஷெல் ஸ்கிரிப்ட்டும் (கட்டளைக் கோப்பும்) ஓடலை.

படக்கோப்போட பெயரைப் பாருங்க. முதல் எழுத்து நிரலில் பெரிசா, கோப்பில் சின்னதா இருக்கும். விண்டோஸ் ரெண்டையும் ஒண்ணா எடுத்துக்கும், லினக்ஸ் எடுத்துக்காது. திருத்தும்போது எக்ஸ்ப்ளோரரில் மாத்தாதீங்க. நிரல் மாற்றங்களைப் பதிவு செய்யற கிட் கருவி கண்டுக்காமலே விட்டுடும். 'கிட் எம்வி' கட்டளையால மாத்துங்க.

ஸ்கிரிப்ட் கோளாறு வரி முடிவால வருது. விண்டோஸ் ஒவ்வொரு வரி முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியைக் கூடுதலா போடும், லினக்ஸ் அதில் தடுக்கி விழும். கிட்டுக்கான அமைப்புகளைச் சொல்ற கிட்ஆட்ரிபியூட்ஸ் கோப்பில் ஸ்கிரிப்டுகளுக்கு 'இஓஎல் எல்எஃப்'னு ஒரு வரி போதும். தலைவலி பாதி போயிடும்.

அரியாங்குப்பம்: மேக்கிலும் இந்தத் தொல்லை உண்டா?

வரி முடிவு இல்லை. பெயர்த் தொல்லை உண்டு.

நெல்லிக்குப்பம்: விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸ் ஓட்டற டபிள்யூஎஸ்எல் போட்டுட்டா லினக்ஸ்தானே?

2019இல் அறிவிச்ச ரெண்டாம் பதிப்பில் நிஜ லினக்ஸ் கெர்னலே (இயங்குதளத்தோட மையப்பகுதி) மெய்நிகர் கணினிக்குள்ள ஓடுது. சோதிச்சுப் பார்க்க அருமையான ஏற்பாடு. அடியில இருக்கிறது என்னவோ விண்டோஸ்தான்.

முதலியார்பேட்டை, ஓய்வுபெற்ற ஆசிரியர்: அப்படியென்றால் தனியுரிமக் கருவி எதுவானாலும் பரவாயில்லையா, அம்மா?

இல்லைங்க ஐயா. உங்க மெஷின் உங்க சௌகரியம். ஆனா திட்டத்தில் சேர்ற எல்லாரும் கட்டாயம் வாங்கியே ஆகணும்ங்கிற கருவி ஆபத்து. லினக்ஸ் கெர்னலையே 2002இல் நிரல் மாற்றங்களைப் பதிவு செய்யற பிட்கீப்பர்னு ஒரு தனியுரிமக் கருவியில வெச்சிருந்தாங்க. 2005இல் இலவச அனுமதி போச்சு. அந்த நெருக்கடியிலதான் லினக்ஸை உருவாக்கின லினஸ் டோர்வால்ட்ஸ் கிட் எழுதினார்.

வில்லியனூர்: ஆபீஸ் லேப்டாப்பில் ராத்திரி எழுதறேன். பிரச்சினை வருமா?

இங்கதான் நிஜமான சிக்கல். இயங்குதளம் யாருடையதுங்கிறதை விட லேப்டாப் யாருடையதுங்கிறதுதான் பெரிய கேள்வி. வேலை ஒப்பந்தத்தில் 'நீங்க உருவாக்கினது எல்லாம் கம்பெனிக்கே'ன்னு ஒரு பத்தி இருக்கலாம். எச்ஆர்கிட்ட எழுத்துல அனுமதி வாங்கிட்டு அப்புறம் புஷ் பண்ணுங்க (பொதுவில் ஏத்துங்க).