இந்திய யூதர்களை மற்ற யூதர்கள் முழு யூதர்களாக ஏற்றுக்கொண்டார்களா? யூதர்களுக்குள்ளும் சாதி உண்டா?

இதை ஒரே கேள்வியாக வைத்தால் பதில் கிடைக்காது. ஒருவர் 'நம்மவரா' என்று யூதச் சமூகம் பார்க்கும் இடங்கள் தனித்தனி. கூட்டு ஜெபத்துக்கு வேண்டிய பத்து ஆண்களில் ஒருவராக எண்ணுவார்களா, தோரா என்ற வேதத்தை வாசிக்க மேடைக்கு அழைப்பார்களா, பெண் கொடுத்துப் பெண் எடுப்பார்களா, ஒரே இடுகாட்டில் புதைப்பார்களா. 1950-க்குப் பிறகு இஸ்ரேல் குடியுரிமையும் சேர்ந்துகொண்டது. ஓரிடத்தில் சுலபமாக உள்ளே போனவர்கள் இன்னோரிடத்தில் வாசலிலேயே நிற்க வேண்டியிருந்தது. கடைசிவரை முரண்டு பிடித்தது கல்யாணம்தான். சாதியோடு வாழ்கிற நமக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

முதலில் கொச்சி. மட்டாஞ்சேரி ஜெப ஆலயத்தைப் பார்த்துவிட்டு வருபவர்கள் 'கொச்சி யூதர்' என்றால் அந்தத் தெருக்காரர்கள்தான் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது பரதேசி யூதர்களின் ஆலயம், 1568-இல் கட்டியது. 1492-இல் ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்டவர்களின் வழியினரும், சிரியா, ஈராக் பக்கமிருந்து வந்தவர்களும் சேர்ந்து உருவான சிறு கூட்டம் அது. அவர்கள் வருவதற்கு ஐந்து நூற்றாண்டு முன்பே அங்கே யூதர்கள் இருந்தார்கள். சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் யூதத் தலைவர் ஜோசப் ரப்பானுக்கு 72 உரிமைகளும் அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழுவின் உரிமையும் கொடுத்த வட்டெழுத்துச் செப்பேடு கி.பி. 1000-ஐ ஒட்டியது. மலபாரி யூதர்கள் எனப்படும் அந்தப் பழைய குடிகள் எர்ணாகுளம், பறவூர், சேந்தமங்கலம், மாளை, மட்டாஞ்சேரி ஆகிய ஊர்களில் பரவியிருந்தார்கள்; எண்ணிக்கையிலும் அவர்களே மிகப் பெரும்பான்மை. ஆனால் செப்பேடு கடைசியில் பரதேசிகளின் ஆலயத்தில் போய்ச் சேர்ந்தது. தொன்மையும் தங்களுடையதுதான் என்றார்கள். மலபாரிகளை அடிமை வழியினர், மதம் மாறியவர்கள் என்று சொல்லிப் பெண் கொடுக்க மறுத்தார்கள். ஐரோப்பியப் பயணிகள் இதை 'வெள்ளை யூதர், கறுப்பு யூதர்' என்று எழுதி வைக்க, அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. நிறத்தை வைத்து மட்டும் பார்த்தால் உள்ளே நடந்தது புரியாது. சண்டை குலத்தைப் பற்றியது.

மூன்றாவதாக ஒரு பிரிவும் உண்டு: மெஷுஹ்ராரிம், அதாவது விடுவிக்கப்பட்ட அடிமைகளும் அவர்களின் சந்ததியும். யூத நெறிப்படி யூதர் வீட்டு அடிமைக்கு இரண்டு முறை நீர்முழுக்கு. வாங்கும்போது ஒன்று, விடுவிக்கும்போது ஒன்று. விடுவிக்கையில் எழுத்து மூலமான விடுதலைச் சீட்டும் தர வேண்டும். இவை நடந்துவிட்டால் அவர் எல்லா வகையிலும் யூதர். சிக்கல் எங்கே வந்ததென்றால், மூன்று நான்கு தலைமுறை கழித்து யார் கையிலும் சீட்டு இல்லை. 'உன் பாட்டன் சீட்டு எங்கே' என்று கேட்டால் போதும், கல்யாணப் பேச்சு நின்றுவிடும். 16-ஆம் நூற்றாண்டில் இந்த வழக்குக் கடிதமாகக் கெய்ரோவுக்கே போனது. அங்கிருந்த பெரிய சட்ட அறிஞர் ரப்பி (யூத மதகுரு) தாவீது இப்னு சிம்ரா, முறைப்படி முழுக்கை நடத்திவிட்டால் தடையில்லை, மணம் செய்யலாம் என்று தீர்ப்பு எழுதினார். கொச்சியில் அதைக் கேட்டவர் யாருமில்லை. மெஷுஹ்ராரிம் பரதேசி ஆலயத்தின் முன்கூடத்தோடு நிற்க வேண்டும், உள்ளே இருக்கை கிடையாது என்ற நிலை 20-ஆம் நூற்றாண்டு வரை நீடித்தது.

அதை உடைத்தவர் ஆபிரகாம் பாராக் சேலம் (1882–1967). அவரே அந்தப் பிரிவில் பிறந்தவர். வழக்கறிஞர், கொச்சி சட்டசபை உறுப்பினர், காங்கிரஸ்காரர். காந்தியின் சத்தியாகிரகத்தை ஜெப ஆலயத்துக்குள்ளேயே கொண்டுபோனார். இருக்கையும் தோரா வாசிப்பும் படிப்படியாகக் கிடைத்தன. கல்யாணம் மட்டும் மேலும் இழுத்தது: அவர் மகன் 1950-இல் பரதேசிப் பெண்ணை மணந்தபோது திருமணத்தைப் பம்பாயில் நடத்த வேண்டியிருந்தது. இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மலபாரிகளுக்குள்ளும் மெஷுஹ்ராரிம் என்று ஒதுக்கப்பட்டவர்கள் இருந்தார்கள். மேலே இருப்பவனிடம் அவமானப்பட்டவன் கீழே இருப்பவனிடம் அதையே செய்ததற்குக் கொச்சி விதிவிலக்கல்ல.

கொங்கண் கரையின் பெனே இஸ்ரேல் சமூகத்தின் கதை வேறு. செக்கு ஆட்டி எண்ணெய் விற்றவர்கள். சனிக்கிழமை செக்கை நிறுத்தியதால் அக்கம்பக்கத்தார் வைத்த பெயர் 'சனிவார் தேலி', சனிக்கிழமைச் செக்கார். ஓய்வுநாள், விருத்தசேதனம், உணவு விலக்குகள், 'ஷெமா' ஜெபம் இவ்வளவும் கையில் இருந்தன. எபிரேய நூல்கள், ரப்பிகள், தால்முத் என்ற பழைய சட்டத் தொகுப்பின் வழிவந்த சட்டங்கள் இல்லை. அவற்றைப் பிறகு கற்றுக்கொடுத்ததில் கொச்சி யூதர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. சாமுவேல் திவேகர் 1796-இல் பம்பாயில் அவர்களின் முதல் ஜெப ஆலயத்தைக் கட்டினார்.

1830-களில் டேவிட் சசூன் போன்ற பாக்தாதி (பாக்தாத் பக்கத்து யூத) வணிகர்கள் பம்பாய்க்கு வந்தபோது முதலில் ஜெபித்தது பெனே இஸ்ரேல் ஆலயத்தில், முதலில் புதைத்தது அவர்களின் இடுகாட்டில். கொஞ்ச காலத்திலேயே இடுகாட்டுக்குக் குறுக்கே சுவர் வேண்டும் என்றார்கள். பிறகு பத்துப் பேர் கணக்கில் சேர்க்க மறுப்பு. 1930-களில் ரங்கூனில் ஜெப ஆலய நிர்வாகத் தேர்தலில் பெனே இஸ்ரேல்காரர்களுக்கு வாக்குரிமை உண்டா என்பது நீதிமன்றம் வரை போனது. சமயக் காரணம் சொல்லப்பட்டாலும், என் பார்வையில் பாதி காரணம் அரசியல். பிரிட்டிஷ் ஆட்சியின் ஐரோப்பியர் பட்டியலில் சேர பாக்தாதிகள் விண்ணப்பித்துக்கொண்டிருந்தார்கள்; மராத்தி பேசும் யூதர்களோடு சேர்த்து எண்ணப்பட்டால் அந்த விண்ணப்பம் எடுபடாது.

ஆனால் சமயக் காரணத்தை வெறும் சாக்கு என்று தள்ளிவிடவும் முடியாது. யூத நெறியில் மணமான பெண் 'கெத்' என்ற தள்ளுதற்சீட்டு முறைப்படி வாங்காமல் மறுமணம் செய்தால், அந்த இரண்டாம் மணத்தில் பிறக்கும் பிள்ளை 'மம்சேர்'. மணமாகாத தாய்க்குப் பிறந்த பிள்ளை என்று இதைத் தவறாக எழுதுகிறார்கள். அப்படியல்ல, விலக்கப்பட்ட உறவில் பிறந்தது என்பதே பொருள். மம்சேரும் வழியினரும் பொது யூதர்களை மணக்கக் கூடாது. தலைமுறை கடந்தாலும் நீங்காது. பெனே இஸ்ரேல் சமூகத்துக்குப் பல நூற்றாண்டுகள் கெத் எழுதும் முறையே தெரியாதல்லவா, நடுவில் எங்கோ இப்படி ஒரு மணம் நடந்திருந்தால் என்பதே ரப்பிகளின் வாதம். அதற்கான விடையும் கொங்கணிலேயே இருந்தது: சுற்றியிருந்த இந்துக்களைப் போல அங்கே விவாகரத்து அபூர்வம், விதவை மறுமணமும் வழக்கமில்லை. அதாவது இந்துப் பழக்கம் ஒட்டிக்கொண்டது என்று குறை சொல்லப்பட்ட அதே வாழ்க்கைதான் குலம் கெடவில்லை என்பதற்குச் சாட்சியாகவும் நின்றது.

இஸ்ரேலில் இந்த வழக்கு வெடித்தது 1962-இல். தலைமை ரப்பினேட் (ரப்பிகளின் அதிகார அமைப்பு) 1961-இல் பெனே இஸ்ரேல்காரர்களோடு மணம் செய்யலாம் என்று முடிவெடுத்து, சில மாதங்களில், அவர்களுடைய தாய், பாட்டி என்று இயன்றவரை பின்னோக்கி விசாரிக்க வேண்டும் என்று பதிவாளர்களுக்கு உத்தரவு அனுப்பியது. குடியுரிமை உண்டு, ராணுவச் சேவை உண்டு, மணப்பதிவில் மட்டும் தனி விசாரணை. இஸ்ரேலில் யூதர்களின் திருமணம் 1953 சட்டப்படி ரப்பினேட் கையில். அரசுப் பதிவுத் திருமணம் கிடையாது. 1964 கோடையில் ஜெருசலேமில் போராட்டம் நடந்தது. ஆகஸ்ட் 17-இல், பெனே இஸ்ரேல் எல்லா வகையிலும் யூதர்களே என்று நாடாளுமன்றம் தீர்மானம் போட்டது. மாத இறுதியில் உத்தரவிலிருந்து அவர்களின் பெயரை நீக்கி, 'ஐயம் எழும் எவருக்கும்' என்று மாற்றினார்கள். பெயர் போனது, விசாரணை அதிகாரம் போகவில்லை. எத்தியோப்பிய யூதர்கள் வந்தபோது அதே அதிகாரம் வேறு வடிவில் திரும்பியது. அவர்களை யூதர்களென்று 1973-இல் ஏற்ற ரப்பி ஓவதியா யோசெப் ஆதாரமாகக் காட்டியது, கொச்சிக்குத் தீர்ப்பு எழுதிய அதே இப்னு சிம்ராவை. அப்படியும் 1980-களில் அடையாள முழுக்கு கேட்டார்கள். 1985-இல் ரப்பினேட் அலுவலகத்துக்கு எதிரே எத்தியோப்பியர்கள் வாரக்கணக்கில் உட்கார்ந்து போராடினார்கள்.

இன்றைக்கு நடைமுறையில் என்ன? இரண்டு வாசல்களுக்கு இரண்டு அளவுகோல். குடியேற்றத்துக்கு, 1970 திருத்தத்துக்குப் பிறகு, தாத்தா பாட்டிகளில் ஒருவர் யூதராக இருந்தால் போதும். திருமணத்துக்குத் தாய்வழியில் யூதராக இருக்க வேண்டும், ஆவணத்தோடு. முதல் வாசலில் நுழைந்துவிட்டதாலேயே இரண்டாவதும் திறக்கும் என்று எண்ணி ஏமாறுபவர்கள் நிறைய.

இந்தியக் குடும்பங்களுக்கு ஆவணம் அறுந்துபோகும் இடங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி. கெத்துபா என்ற திருமண ஒப்பந்தத்தில் மணப்பெண்ணை 'இன்னார் மகள்' என்று தந்தை பெயரால்தான் எழுதுவார்கள். ஆகவே பெற்றோரின் கெத்துபா ஒன்றை மட்டும் நீட்டினால் தாய்வழி நிரூபணமாகாமல் போகலாம். தாயின் பிறப்புச் சான்றிதழ், தாய்வழிப் பாட்டியின் கெத்துபா என்று ஒவ்வொரு கண்ணியாகக் கோக்க வேண்டும். அடுத்தது பெயர். கெத்துபாவில் எபிரேயப் பெயர், அரசுப் பதிவில் ஆங்கிலப் பெயர், பழைய காகிதங்களில் சாமாஜி, அபாஜி போன்ற மராத்திப் பெயர், கூடவே ஊர்ப் பெயரோடு 'கர்' சேர்த்த குடும்பப் பெயர். நான்கும் ஒரே ஆள் என்று ஜெப ஆலயத்திடம் கடிதம் வாங்கி வைப்பது நல்லது. பிறப்புப் பதிவே இல்லாத கொங்கண் கிராமத் தலைமுறைக்குக் கல்லறைக் கல் உதவும். பலவற்றில் எபிரேயமும் மராத்தியும் சேர்ந்தே இருக்கும், இரண்டும் தெரியும்படி படமெடுக்க வேண்டும். சிறப்புத் திருமணச் சட்டப்படி பதிவாளர் முன்னால் மட்டும் மணந்தவர்களிடம் கெத்துபா இருக்காது. எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து, குடும்ப நீதிமன்றத்தில் விவாகரத்து வாங்கிவிட்டுக் கெத் வாங்காமல் மறுமணம் செய்வது: 1962-இல் வெறும் ஊகமாக இருந்த மம்சேர் சந்தேகத்துக்கு இது கையெழுத்துப் போட்ட ஆதாரமாகிவிடும். கெத்தை மறுமணத்துக்கு முன்பே வாங்க வேண்டும். பிறகு வாங்குவது அதற்குள் பிறந்துவிட்ட பிள்ளைகளுக்கு உதவாது.