விளக்கை அணைத்துவிட்டு ஸ்மாக் சோதனைக்குப் போகாதீர்கள்

தம்பி, 2006ஆம் ஆண்டு ஹோண்டா அக்கார்டு ஒன்றை இரண்டு மாதங்களுக்கு முன் வாங்கியதாகவும், பதிவைப் புதுப்பிக்கக் காரின் புகையைப் பார்க்கும் ஸ்மாக் சோதனை வேண்டும் என்று மாநில மோட்டார் வாகனத் துறையான டி.எம்.வி.யிலிருந்து கடிதம் வந்திருப்பதாகவும், எஞ்சினில் பழுது என்று எச்சரிக்கும் செக் எஞ்சின் விளக்கு எரிவதால் பேட்டரியைக் கழற்றி மாட்டிவிட்டு மறுநாளே சோதனைக்குப் போய்விடலாம் என்று அறையில் உடன் இருப்பவர் சொல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். காப்பீடு, டயர் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். அதையெல்லாம் உங்கள் அலுவலகத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நான் பேட்டரி விஷயத்துக்கு மட்டும் பதில் சொல்கிறேன், ஏனென்றால் பணம் வீணாகப் போவது அங்கேதான்.

தயவுசெய்து பேட்டரியைக் கழற்றாதீர்கள். கலிபோர்னியாவில் 2000ஆம் ஆண்டு முதல் வந்த பெட்ரோல் கார்களுக்கு இப்போது புகைக்குழாயில் கருவியைச் செருகிப் பார்ப்பதில்லை. ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் இணைப்பில் வயரைச் செருகி, காரின் கணினியையே கேட்கிறார்கள். அந்தக் கணினி, புகையிலுள்ள நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டர், புகையிலுள்ள ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சார், பெட்ரோல் ஆவி வெளியேறாமல் காக்கும் அமைப்பு முதலியவற்றை நீங்கள் ஓட்டும்போதே ஒவ்வொன்றாகச் சோதித்து முடிவுகளைச் சேர்த்து வைக்கிறது. இவற்றுக்குத்தான் மானிட்டர் என்று பெயர். பேட்டரியைக் கழற்றினால் பிழைக் குறியீட்டோடு சேர்ந்து இந்த முடிவுகளும் அழிந்துபோகும். உங்கள் காரைப் பொறுத்தவரை ஆவி மானிட்டர் ஒன்று மட்டும் முடியாமல் இருந்தால் விட்டுவிடுவார்கள்; மற்றவற்றில் எது மிச்சமிருந்தாலும் தேர்ச்சி கிடையாது. சோதனைக் கட்டணத்தைக் கட்டிவிட்டு வெறுங்கையோடு திரும்புவீர்கள், அந்த வாரத்திலேயே விளக்கும் மறுபடி எரியும்.

அதற்குப் பதிலாக இருபது முப்பது டாலருக்குக் கிடைக்கும் குறியீடு படிக்கும் கருவி ஒன்றை வாங்குங்கள். பி0455 (P0455) என்று வந்தால் பெட்ரோல் ஆவி கசிகிறது என்று பொருள்; பெட்ரோல் மூடி சரியாகப் பூட்டாமல் இருக்கலாம், அல்லது அதன் ரப்பர் வளையம் வெடித்திருக்கலாம். மூடியை மாற்றினாலே பல கார்களில் சரியாகிவிடுகிறது. பி0420 (P0420) என்று வந்தால் கன்வர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்று பொருள்; உடனே கன்வர்ட்டரை மாற்றச் சொல்வார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். புகைக்குழாயில் கசிவு இருக்கிறதா, சென்சார்கள் ஒழுங்காக வேலை செய்கின்றனவா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். கன்வர்ட்டரே கெட்டிருந்தாலும், இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் வெளிமாநிலச் சரக்கு இங்கே செல்லாது. கலிபோர்னியா காற்று வள வாரியத்தின் அனுமதி எண் அதன் மேல் பொறித்திருக்க வேண்டும், சோதனையாளர் குனிந்து அதைப் பார்ப்பார்.

நீங்கள் எழுதாத ஒன்றை நான் கேட்க வேண்டியிருக்கிறது. வாங்கும்போது விற்றவர் ஸ்மாக் சான்றிதழ் கொடுத்தாரா? இந்த மாநிலத்தில், உறவினருக்குள் கைமாறுவது போன்ற சில விலக்குகளைத் தவிர, 90 நாட்களுக்குள் எடுத்த சான்றிதழைக் கொடுப்பது விற்பவரின் கடமை. ‘உள்ளது உள்ளபடி’ என்று எழுதி வாங்கிக்கொண்டாலும் அந்தக் கடமை போய்விடாது. இதை நான் தெரிந்துகொள்ளப் பணம் கொடுக்க வேண்டியிருந்தது.

2004இல் ஃப்ரீமான்ட்டில் வந்து இறங்கி மூன்றாவது வாரம், ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்த நம்மவர் ஒருவரிடம் 1993ஆம் ஆண்டு டொயோட்டா கேம்ரியை வாங்கினேன். தமிழில் பேசினார், வீட்டில் காபி கொடுத்தார், ஸ்மாக்கைப் பிறகு நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். ஊரில் பெட்ரோல் பங்க் ஓரத்தில் ஐந்து நிமிடத்தில் புகைச் சான்றிதழ் வாங்கிய பழக்கத்தில் நானும் தலையாட்டினேன். அவர் விமானம் ஏறிய பிறகு சோதனைக்குப் போனால், முன்சக்கரங்களை உருளைகளின் மேல் ஏற்றி, பட்டையால் கட்டி, ரேடியேட்டருக்கு எதிரே பெரிய மின்விசிறியை வைத்து, மணிக்கு 15 மைல் வேகத்திலும் 25 மைல் வேகத்திலும் ஓட்டிப் பார்த்தார்கள். அச்சிட்டுக் கொடுத்த தாளில் ஹைட்ரோகார்பனும் கார்பன் மோனாக்சைடும் அளவுக்குள் இருந்தன. நைட்ரிக் ஆக்சைடு மட்டும் வரம்பைத் தாண்டியிருந்தது.

சான் ஹோசேயில் வியட்நாமிலிருந்து வந்த ஒரு முதிய மெக்கானிக்கிடம் அந்தத் தாளைக் காட்டினேன். அவர் இ.ஜி.ஆர். வால்வைக் கழற்றி, அது பொருந்தும் துவாரத்தை டார்ச் அடித்துக் காட்டினார். விறகடுப்பில் பல வருடம் ஏறி இறங்கிய பானையின் அடியைப் போலக் கரி கெட்டித்துப்போய், விரல் நுழைய வேண்டிய இடத்தில் பென்சில் கூட நுழையவில்லை. புகையில் கொஞ்சத்தை மறுபடி எஞ்சினுக்குள் அனுப்பி எரியும் சூட்டைத் தணிப்பதுதான் அந்த வால்வின் வேலை. வழி அடைத்தால் சூடு ஏறும், நைட்ரிக் ஆக்சைடு பெருகும். வளைத்த கம்பி ஒன்றை என் கையில் கொடுத்து, நீயே சுரண்டு என்றார். இரண்டு மணி நேரம் சுரண்டினேன். மறு சோதனையில் கார் தேறியது. அன்றிலிருந்து ஸ்பார்க் பிளக், ஆக்சிஜன் சென்சார் எல்லாம் நானே மாற்றுகிறேன். இருபது வருடங்களில் எங்கள் வீட்டு வண்டி எதுவும் ஸ்மாக்கில் தோற்றதில்லை.

லாஸ் ஏஞ்சல்ஸின் கண்ணெரிச்சல் புகைமூட்டம் ஹைட்ரோகார்பனும் நைட்ரஜன் ஆக்சைடும் வெயிலில் வினைபுரிவதால் வருகிறது என்று 1950களின் தொடக்கத்தில் கண்டுபிடித்தவர் கால்டெக் என்னும் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தின் ஹாகன் ஸ்மிட். அன்னாசிப்பழத்தின் மணத்தை ஆராய்ந்துகொண்டிருந்த வேதியியலாளர் அவர். இங்கே வந்து வீடு வாங்கிப் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் நம்மவர்களிலேயே சிலர், கூடுதல் காசுக்குத் தேர்ச்சி போட்டுக் கொடுக்கும் கடை எது என்று வாட்ஸ்ஆப்பில் விசாரிக்கிறார்கள். சோதனை வயரை வேறொரு காரில் செருகிச் சான்றிதழ் தரும் அந்த மோசடி குற்றம். அப்படிப்பட்ட கடைகளின் உரிமத்தை மாநிலம் பறிக்கிறது. அந்தப் புகை கலந்த காற்றைத்தான் நம் பிள்ளைகளும் சுவாசிக்கிறார்கள். அந்தப் பக்கம் போகாதீர்கள்.

குறியீட்டுக்குக் காரணமான பழுதைச் சரிசெய்த பின் ஒரு வாரம், பத்து நாள் வழக்கம்போல ஓட்டுங்கள். இரவு முழுதும் ஆறிய எஞ்சினைக் காலையில் கிளப்புவது, ஃப்ரீவேயில் ஒரே வேகத்தில் இருபது நிமிடம் போவது, நகரத்துக்குள் நின்று நின்று போவது ஆகிய மூன்றும் கலந்திருக்க வேண்டும். டாங்கில் பெட்ரோல் கால் பங்குக்கும் முக்கால் பங்குக்கும் இடையில் இருந்தால்தான் ஆவி மானிட்டர் ஓடும். மானிட்டர்கள் முடிந்துவிட்டனவா என்பதை அந்தச் சிறு கருவியே காட்டும். காட்டிய பிறகு போங்கள். டி.எம்.வி. கடிதத்தில் ஸ்டார் நிலையம் (மாநிலத்தின் ஸ்டார் அங்கீகாரம் பெற்ற சோதனைக் கடை) என்று குறிப்பிட்டிருந்தால் அங்கேதான் போக வேண்டும். சோதனை தாமதமானாலும் பதிவுக் கட்டணத்தைக் கெடுவுக்குள் கட்டிவிடுங்கள், இல்லையென்றால் அபராதம் ஏறும். தோற்றால், வருமானம் குறைந்தவர்களுக்குப் பழுதுபார்க்க மாநிலம் உதவித்தொகை தருகிறது. கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

அந்தக் கேம்ரியை 2011இல் மதுரையிலிருந்து புதிதாக வந்த ஒரு பையனுக்கு விற்றேன். விற்பதற்கு முந்தைய சனிக்கிழமை அதே உருளைகளின் மேல் நானே ஏற்றி, தேர்ச்சித் தாளை வாங்கி, சாவியோடு சேர்த்து அவன் கையில் கொடுத்தேன்.