சின்ன வயதில் பிடித்த அருங்காட்சியகத்துக்கு வளர்ந்தபின் போனதுண்டா? இப்போதும் பிடித்ததா?

எனக்கு அது மதுரை காந்தி மியூசியம். போன கோடை விடுமுறையில் அக்கா மகளைக் கூட்டிக்கொண்டு போய்வந்தேன். பெரியவனான பிறகு பார்த்தால் எல்லாம் சுருங்கித் தெரியும் என்பார்கள். இங்கே அது பலிக்கவில்லை, ராணி மங்கம்மாளின் கோடை அரண்மனை ஆயிற்றே! அந்த வெள்ளைச் சுவர்களும் வளைவுகளும் இன்னும் அண்ணாந்துதான் பார்க்க வைக்கின்றன. பின்னாளில் வெள்ளைக்காரக் கலெக்டர்கள் குடியிருந்த இடம். 1959 ஏப்ரல் 15 அன்று நேரு வந்து மியூசியமாகத் திறந்துவைத்தார். இன்றுவரை நுழைவுக் கட்டணம் கிடையாது.

பள்ளியிலிருந்து கூட்டிப்போகும்போது எங்களுக்கு ஒரே இலக்கு, ரத்தக்கறை படிந்த அந்தத் துணிதான். 1948 ஜனவரி 30 அன்று சுடப்பட்டபோது காந்தி உடுத்தியிருந்தது. கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் முண்டியடித்து நின்று, "இதுதான்டா அது" என்று கிசுகிசுத்துவிட்டு ஓடிவிடுவோம். சுதந்திரப் போராட்டப் படங்கள் வரிசையாக மாட்டியிருக்கும் கூடத்தை வேகநடையில் கடந்துவிடுவோம். உண்மையைச் சொன்னால், அந்தக் கூடத்தில் எழுத்து இப்போதும் ரொம்பவே அதிகம்தான். பத்து வயதுப் பிள்ளையை அங்கே நிறுத்திவைக்க முடியவில்லை.

ஆனால் துணியின் முன்னால் இந்த முறை வெகுநேரம் நின்றேன். காரணம், இடையில் ஊர் வரலாறு கொஞ்சம் படித்திருந்தேன். காந்தி முழு உடையை விட்டது இதே மதுரையில்தான். 1921 செப்டம்பரில் மேலமாசி வீதியில் ஒரு வீட்டின் மாடியில் தங்கியிருந்தார். கதர் கட்டுங்கள் என்று கேட்டால், வாங்கக் காசில்லை என்று ஏழைகள் சொன்னது அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. 22ஆம் தேதி, இனி இடுப்பில் ஒரு முழத்துண்டு போதும் என்று முடிவெடுத்தார். அந்த உடையில் அவர் முதலில் மக்கள் முன் வந்த இடத்தைத்தான் காமராசர் சாலையில் காந்தி பொட்டல் என்கிறோம். பஸ்ஸில் எத்தனையோ முறை கடந்த இடம், இறங்கிப் பார்த்ததில்லை. அந்த முடிவுக்கும் பெட்டிக்குள் இருக்கும் துணிக்கும் நடுவே இருபத்தாறு வருடம். பள்ளி நாளில் வெறும் ரத்தக்கறையாகத் தெரிந்தது, இப்போது எங்கள் ஊரில் தொடங்கிய ஒரு கதையின் கடைசிப் பக்கமாகத் தெரிந்தது.

"இவ்வளவு பெரிய ஆளு, ஏன் மாமா சட்டை போடல?" என்று அக்கா மகள் கேட்டாள். மேலமாசி வீதிக் கதையைச் சொன்னேன். பாதி கேட்டாள். அப்புறம் ஜிகர்தண்டா எப்போது என்றாள்.

ஆக, பிடித்ததா என்றால், முன்பைவிட அதிகமாகவே. ஒரு குறை உண்டு. மதுரைக்கும் காந்திக்குமான உறவைத் தனியாக, பளிச்சென்று ஒரு அறையில் காட்டலாம். மீனாட்சி கோயிலுக்குள் எல்லோரையும் விடாதவரை உள்ளே போகமாட்டேன் என்றிருந்தவர், 1939 ஆலயப் பிரவேசத்துக்குப் பிறகு 1946இல்தான் உள்ளே போனார். இதையெல்லாம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேறு எந்த ஊருக்குப் பொருத்தம்?

நீங்கள் போவதாக இருந்தால் மேலமாசி வீதி வீட்டையும் காந்தி பொட்டலையும் முதலில் பார்த்துவிட்டு, கடைசியாகத் தமுக்கம் பக்கம் இருக்கும் மியூசியத்துக்கு வாருங்கள். பிள்ளைகள் கூட வந்தால் படக்கூடத்தில் அதிகம் நிற்க வேண்டாம்.