தோளில் கை வைத்தால் நட்பாகிவிடுமா?

கேள்வி: இத்தாலிய ஓவியர் ரஃபேல் தன்னையும் இன்னொருவரையும் வரைந்த இரட்டை உருவப்படத்தைச் சித்திர வகுப்பில் காட்டினார்கள். ஒரு பழைய புத்தகம் அந்த மற்றவரை 'வாள்வித்தை ஆசான்' என்கிறது. இணையத்தில் 'நண்பர்' என்று இருக்கிறது. ரஃபேல் அவர் தோளில் கை வைத்திருப்பதைக் கொண்டு நட்பு என்று சொல்லிவிடலாமா, சேர்?
உயர்தர மாணவி, உப்புவெளி

பதில்: கையை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது, பிள்ளை. என் மாமாவும் அவருடைய துறைமுகக் கூட்டாளியும் திருகோணமலை ஸ்டூடியோ ஒன்றில் எடுத்த படம் எங்கள் வீட்டில் இருக்கிறது. ஒருவர் கதிரையில், மற்றவர் பின்னால் நின்று தோளில் கை. ஸ்டூடியோக்காரர் "வையுங்கோ" என்று சொல்லி வைத்த கை அது. விரல்கள் விறைத்து நிற்கும்!

வாளை முதலில் முடித்துவிடுவோம். அந்தக் காலத்து இத்தாலியக் கனவான்கள் உடையோடு உடையாக வாளும் அணிந்தார்கள். படத்தில் வாளின் கைப்பிடி தெரிகிறது என்பதற்காக ஆளை ஆசானாக்க முடியாது. அவர் யார் என்ற வழக்கும் தீரவில்லை. ரஃபேலின் மாணவர் ஜூலியோ ரொமானோ உட்படப் பலருடைய பெயர் அடிபட்டிருக்கிறது.

சரி, கண்களுக்கு வருவோம். பாரிஸின் லூவர் நூதனசாலையில் உள்ள இந்தப் படம் 1518-1520 அளவில் வரைந்தது. 1520 ஏப்ரலில், 37 வயதில் ரஃபேல் இறந்துவிட்டார். அப்போதே பெரும்புகழ் பெற்றிருந்தவர், தன்னைப் பின்னால் நிறுத்தி மற்றவரை முன்னால் விட்டிருக்கிறார். அந்த முன்னால் இருப்பவருடைய வலது கை படத்தைவிட்டு வெளியே வருவதுபோல எங்கள் பக்கம் நீள்கிறது. முகமோ பின்னால் திரும்பி ரஃபேலைத் தேடுகிறது. "பார்த்தாயா?" என்று கேட்கிற திருப்பம் அது. ரஃபேலுக்கு எந்த அவசரமும் இல்லை. எங்களைப் பார்த்தபடி நிற்கிறார், கை மட்டும் கூட்டாளியின் தோளில். ஆளின் முகத்தைப் பார்க்காமலே அப்படிக் கை வைக்க நெருக்கம் வேண்டும். நட்பு எனக்குத் தெரிவது இங்கேதான்.

அப்புறம், எங்கள் பக்கம் நீளும் அந்தக் கை யாரைக் காட்டுகிறது? ரஃபேல் 1516 அளவில் நவாஜெரோ, பெயாட்ஸானோ என்ற இரு எழுத்தாளர்களை ஒரே படத்தில் வரைந்தார். அவர்களும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை, வெளியேதான் பார்க்கிறார்கள். அந்தப் படம் பின்னர் இருந்த இடம், இருவருக்கும் நண்பரான எழுத்தாளர் பியெட்ரோ பெம்போவின் வீடு, இத்தாலியின் பாதுவா நகரில். பெம்போ படத்தின் முன்னால் வந்து நின்றால்தான் கூட்டம் நிறையும். லூவர் படத்துக்கும் அப்படி ஒரு மூன்றாவது ஆள் இருந்திருப்பார், கை அவரைத்தான் காட்டுகிறது என்பது என் எண்ணம். சோதனையில் இதை எழுதினால் 'கருத்து' என்று சொல்லியே எழுதுங்கள்.