அமெரிக்கக் கால்பந்தில் ‘ஆப்ஷன்’ ஆட்டம் என்றால் என்ன?
பந்தோடு யார் ஓடுவது என்பதை முன்கூட்டியே தீர்மானிக்காமல், ஆட்டம் நகரத் தொடங்கிய பிறகு குவாட்டர்பேக் (தாக்கும் அணியை வழிநடத்தும் ஆட்டக்காரர்) முடிவெடுப்பதுதான் ஆப்ஷன்.

ஏன் இந்தச் சுற்றுவழி? இரு பக்கமும் 11 பேர். பந்தோடு ஓடுபவருக்கு வழி கிடைக்க, அவருடைய அணியினர் எதிராளிகளை உடலால் மறிப்பார்கள்; ஆனால் பந்தை வைத்திருப்பவரால் யாரையும் மறிக்க முடியாது. அதனால் எதிரணியில் ஒருவர் மிஞ்சுவார். சரி, அவரை வேண்டுமென்றே மறிக்காமல் விட்டு, எந்தப் பக்கம் பாய்கிறார் என்று கவனிக்கிறார்கள். குவாட்டர்பேக்குக்குப் பின்னால் நின்று நடுவே ஓடும் ஃபுல்பேக்கை நோக்கிப் பாய்ந்தால், குவாட்டர்பேக் பந்தைத் தானே வைத்துக்கொண்டு வெளிப்பக்கம் ஓடுவார். பாயாவிட்டால் ஃபுல்பேக்கிடமே கொடுத்துவிடுவார். வெளியே இன்னொரு தடுப்பாளர் குறுக்கிட்டால், பக்கத்தில் ஓடிவரும் மூன்றாமவருக்குப் பந்தைத் தட்டிவிடுவார். இதுதான் டிரிபிள் ஆப்ஷன். ஒரே பூனை இரண்டு எலி வளைகளைக் காவல் காப்பது போலத்தான்: எதன் பக்கம் திரும்பினாலும் மற்றதில் எலி ஓடிவிடும்.

டெக்சஸ் பல்கலைக்கழக அணி 1968இல் ‘விஷ்போன்’ அமைப்பில் (குவாட்டர்பேக்குக்குப் பின்னால் மூன்று ஓட்டக்காரர்கள் Y வடிவில் நிற்பது) இதை ஆடத் தொடங்கி, தொடர்ந்து 30 ஆட்டங்களை வென்றது. அப்புறம், உடல் கனத்தில் பின்தங்கும் அமெரிக்க ராணுவ, கடற்படை அகாடமி அணிகள் இதை விடாமல் பிடித்துக்கொண்டதில் வியப்பில்லை. மலைபோன்ற ஆளை மறிக்கவே வேண்டாமே!

குவாட்டர்பேக் தன் இஷ்டத்துக்குத் தேர்வு செய்கிறார் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் எதிராளியின் அசைவுதான் அவருக்கான பதிலைச் சொல்கிறது.