‘மெர்ஜ்’ என்று எழுதினால் ஒன்று மூழ்கிவிடும்

கேள்வி: ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியின் ஏற்றுமதிப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஒரே பையருடைய இரண்டு ஆர்டர் சரக்கையும் ஒரே கன்டெய்னரில் ஏற்றி, ‘வி ஹேவ் மெர்ஜ்டு யுவர் டூ ஆர்டர்ஸ்’ என்று மெயில் போட்டேன். ‘அப்படியானால் இரண்டாவது ஆர்டர் இப்போது இல்லையா?’ என்று பதறிக்கொண்டு பதில் வந்தது. மேனேஜரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். சேர்த்தோம் என்று சொல்ல மெர்ஜ் தப்பா சார்?

இலக்கணப்படி தப்பில்லை. ஆனால் பையர் பதறியதும் நியாயம்தான்.

மெர்ஜ் லத்தீனிலிருந்து வந்த சொல். அங்கே அதற்கு அமிழ்த்துவது, மூழ்கடிப்பது என்று பொருள். வெள்ளத்தில் வயல் மூழ்கினால் சப்மெர்ஜ், மூழ்கியது வெளியே தலைகாட்டினால் எமெர்ஜ். எல்லாம் ஒரே வேர்தான். அந்த ஈரம் மெர்ஜில் இன்னும் காயவில்லை. இரண்டு பொருள் சேர்ந்தபின் ஒன்றாவது தன் தனி உருவத்தை இழந்திருந்தால்தான் இந்தச் சொல் பொருந்தும்.

பொன்னையாறு பாலாற்றில் கலக்கிறது. (தண்ணீர் வந்தால்தானே என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது.) கலந்த இடத்துக்குக் கீழே அது பாலாறு மட்டும்தான். அது மெர்ஜ். 2020 ஏப்ரல் 1 அன்று அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடு இணைந்தது, அலகாபாத் என்ற போர்டே போய்விட்டது. அதுவும் மெர்ஜ். ஆனால் ஆம்பூர் பிரியாணிக்கு எண்ணெய்க் கத்தரிக்காய் என்ன? அதை நாம் ‘காம்பினேஷன்’ என்கிறோம், ‘மெர்ஜர்’ என்று யாரும் சொல்வதில்லை. இலையில் பிரியாணி பிரியாணியாகவும் கத்தரிக்காய் கத்தரிக்காயாகவும் இருக்கின்றன. கம்பைன் என்பது அவ்வளவுதான்: பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு வேலைக்கு ஆக்குவது. ஆங்கிலம் படிக்காதவர்களும் சரியாகப் பிடித்து வைத்திருக்கும் வித்தியாசம் இது.

எக்ஸெல்லில் தினமும் வேலை பார்ப்பவருக்கு இன்னும் எளிதாகப் புரியும். எழுத்து உள்ள இரண்டு கட்டங்களைத் தேர்ந்தெடுத்து ‘மெர்ஜ் செல்ஸ்’ கொடுத்துப் பாருங்கள். இடது மேல் மூலைக் கட்டத்தில் உள்ளது மட்டும் நிற்கும், மற்றது போய்விடும் என்று அதுவே எச்சரிக்கும். இரண்டு கட்டத்து எழுத்தும் வேண்டுமென்றால் ‘அண்ட்’ குறி போட்டு ஃபார்முலாவில்தான் சேர்க்க வேண்டும். உங்கள் பையர் மனதில் ஓடியதும் இதுதான்: இரண்டு ஆர்டர் எண்ணில் ஒன்று போய்விட்டது.

உங்கள் தொழிலில் இதற்கென்றே ஒரு சொல் இருக்கிறது, கன்சாலிடேட். பல பேருடைய சரக்கு ஒரே கன்டெய்னரில் போகும், ஆனால் ஆளுக்கொரு பில் தனியாக இருக்கும். ஏற்றுமதி ஆபீஸில் இருந்துகொண்டு இதை விட்டுவிட்டு மெர்ஜுக்குப் போனதுதான் உங்கள் மேல் எனக்குள்ள ஒரே வருத்தம்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. மெர்ஜுக்குப் பின்னால் என்ன வர வேண்டும்? நம் வேற்றுமை உருபை வைத்தே பிடித்துவிடலாம். ‘ஓடு’, ‘உடன்’ என்று தோன்றினால் வித். ‘இல்’ என்று தோன்றும்போதுதான் வழுக்குகிறோம். சத்துவாச்சாரி, தாராபடவேடு நகராட்சிகள் வேலூர் மாநகராட்சியில் இணைக்கப்பட்டன என்பதை எழுதும்போது கை தானாக ‘இன்’ போடும். அங்கே இன்ட்டு வர வேண்டும், உள்ளே போய்ச் சேர்ந்த அர்த்தம் அதில்தான் இருக்கிறது. (வட ஆற்காட்டுக்காரர்களுக்கு மெர்ஜை விட எதிர்ச்சொல்தான் அதிகப் பழக்கம். 1989-இல் மாவட்டம் இரண்டானது, மிச்சம் இருந்த வேலூர் 2019-இல் மூன்றானது.)

தமிழில் ‘சேர்ந்தது’ வேறு, ‘சேர்த்தோம்’ வேறு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் மெர்ஜ்டு ஒன்றேதான். சர்வீஸ் ரோடு ஹைவேயில் தானாகச் சேர்வதும் மெர்ஜ், நீங்கள் இரண்டு ஃபைலைச் சேர்ப்பதும் மெர்ஜ். யார் செய்தது என்று சொல்ல ‘வி’ இருந்தால் போதும். ‘மெர்ஜ் டுகெதர்’ வேண்டாம், நடுசென்டர் மாதிரி. மெர்ஜர் என்ற பெயர்ச்சொல்லை கம்பெனிக்கும் வங்கிக்கும் கட்சிக்கும் விட்டுவிடுங்கள், இரண்டு பில்லுக்கு அது பெரிய சட்டை.

பையருக்கு இப்படி எழுதுங்கள்: ‘வி ஹேவ் கன்சாலிடேட்டட் போத் ஆர்டர்ஸ் இன் ஒன் கன்டெய்னர்.’ கூடவே இரண்டு ஆர்டர் எண்களையும் அதே வரியில் போடுங்கள். ஒருவேளை இரண்டையும் ஒரே இன்வாய்ஸாகவே அடித்து, பழைய எண்ணை நீக்கிவிட்டீர்கள் என்றால் மெர்ஜ்டு அப்படியே இருக்கட்டும். ஆனால் எந்த எண் போயிற்று, எது நிற்கிறது என்பதைப் பையர் கேட்பதற்குள் சொல்லிவிடுங்கள்.